பழைய லேப்டாப்புக்கு ராஜபாட்டை

போன வாரம் திரையில் உறைந்துபோன அந்தக் கை மருமகளின் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை.

சைகைமொழியைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்வது அவள் தொழில். வீட்டின் பின்னறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே ஆஸ்பத்திரிகளுக்கு வேலை பார்க்கிறாள். நோயாளியும் டாக்டரும் அங்கே ஒரே அறையில் இருப்பார்கள். இவள் அந்த அறையின் திரையில் தெரிவாள். காதால் கேட்டதை மறந்துவிடலாம், கண்ணால் பார்த்தது அவ்வளவு லேசில் போகாது என்பது இந்தத் தொழிலில் உள்ள தொல்லை.

போன வாரம் வந்தவர் காது கேளாத ஒரு தையல்கார அம்மாள். வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். டாக்டர் சொன்னதையெல்லாம் இவள் சைகையில் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்க அந்த அம்மாள் கையைத் தூக்கினார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு முழுசாக உறைந்துவிட்டது. மறுபடி உயிர் வந்தபோது டாக்டர் போய்விட்டிருந்தார். அந்த அம்மாள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்த அம்மாள் கையெழுத்துப் போட மறுக்கிறாராம். தன் கேள்விக்குப் பதில் வந்தால்தான் போடுவாராம். அறுவை சிகிச்சை நாளைக் காலையில்.

"அதே மொழிபெயர்ப்பாளர்தான் வேணும்னு கேக்கறாங்க," என்று ஏஜென்சி மேலாளர் நேற்று போனில் சொன்னாள். "பதினொரு மணிக்குப் போட்டிருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இந்தத் தடவையும் படம் நின்னா, உங்களை ஆஸ்பத்திரி வேலைக்குப் போட முடியாது. எனக்கும் மேல ஆள் இருக்காங்க."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டு மாதமாகவே வீட்டில் இன்டர்நெட் நொண்டியடித்துக்கொண்டிருந்தது.

காலையில் பெரியவன் தன் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். பெரியவன் என்றால் அவள் கணவன். ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக். வாசலில் ஷூவை மாட்டிக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த உள்ளங்கை அகலப் பெட்டியை முறைத்தான். வெளியிலிருந்து வரும் லைனுக்கும் வீட்டுக்கும் நடுவே காவலுக்கு நிற்கிற பெட்டி அது. ஃபயர்வால் என்றும் ரவுட்டர் என்றும் இரண்டு பெயர் அதற்கு. பெரியவன் வைத்த பெயர் சனியன்.

"மத்தியானம் புதுசா ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன். இதைக் கழட்டித் தூக்கிப் போட்டுடலாம்."

"எனக்குப் பதினொரு மணிக்கு வேலைங்க."

"இன்னிக்கு ஒரு நாள் முடியாதுன்னு சொல்லேன். அப்படி என்ன தலை போற காரியம்?"

தலை போகிற காரியம் இல்லை, ஒருத்தருடைய கை போகிற காரியம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நோயாளி பேசியது அந்த அறையோடு சரி. புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது தொழில் தர்மம். அவள் இதுவரை மீறியதில்லை.

"முடியாதுங்க," என்றாள்.

"எல்லாம் அவனால வந்தது," என்று பெரியவன் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான்.

அந்த 'அவன்' யார் என்று இந்தக் கதையைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவன் சின்னவன், இவளுடைய கொழுந்தன். சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பவன். அண்ணன் முதலாளி காலில் விழாத குறையாகக் கெஞ்சி லிஃப்ட் கம்பெனியில் வாங்கிக் கொடுத்த வேலையை ஒரே வாரத்தில் உதறிவிட்டு, வாய்ச்சண்டை முற்றி, இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். அந்தப் பெட்டியை மாட்டியது அவன்தான். அதன் கடவுச்சொல்லும் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அவன் போன பிறகு இன்டர்நெட் இழுக்க ஆரம்பித்தது. பெரியவன் கம்பெனியைக் கூப்பிட்டு, லைனைப் பத்து மடங்கு பெரியதாக மாற்றினான். இம்மிகூட வேகம் கூடவில்லை. பெரியவனுக்கு அப்போதே எல்லாம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டான். தம்பிக்குப் போன் போட்டு, "போகும்போது வேணும்னே வீட்டுக்குப் பூட்டுப் போட்டுட்டுப் போயிருக்க. இனிமே அந்தப் பெட்டியை நீ தொடவே வேண்டாம்," என்று கத்தினான். சின்னவன் போனை வைத்தான். அதோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

படியிறங்குகிற சத்தம் ஓய்ந்ததும் மருமகள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பதினொரு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை.

முதலில் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கி மறுபடி செருகினாள். உலகத்தில் எல்லோரும் முதலில் செய்கிற வைத்தியம் இதுதான். வேகத்தை அளந்து பார்த்தாள். அதே நொண்டி.

அடுத்து வைஃபையை நிறுத்திவிட்டு லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தாள். அதே நொண்டி. கேபிள்தான் கெட்டிருக்கும் என்று அலமாரியைக் குடைந்து வேறொரு கேபிளைத் தேடி எடுத்துப் போட்டாள். நொண்டி கொஞ்சமும் மனம் மாறவில்லை.

பிறகு ஒரு யோசனை வந்தது. பெட்டியை நடுவிலிருந்து விலக்கிவிட்டு, வெளி லைனை நேரே லேப்டாப்பில் செருகிப் பார்த்தாள். திரையில் ஓடிய வேக அளவுமானி சீறிக்கொண்டு ஏறியது. பழைய லைனைப் போலப் பத்து மடங்கு. பெரியவன் கேட்ட வேகம் அப்படியே வந்து நின்றது.

ஆக, லைனில் குற்றமில்லை. கோளாறு பெட்டிக்குள்தான். கணவன் சொன்னது சரியாகப் போய்விடுமோ என்று அவளுக்குக் கவலை வந்தது. சின்னவன் அப்படிச் செய்கிறவன் இல்லை என்று இத்தனை நாள் வாதாடி வந்தவள் அவள்தான்.

இப்படி நேரே செருகிக்கொண்டே வேலையை முடித்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். அங்கேதான் சிக்கல். நோயாளிகளின் அந்தரங்கம் வழியில் எவன் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று, அந்தப் பெட்டிக்கும் ஏஜென்சிக்கும் நடுவே பூட்டிய பாதை ஒன்று போட்டிருந்தது. பெட்டி இல்லாமல் போனால் ஏஜென்சியின் கதவு திறக்காது. நல்ல ஏற்பாடுதான். இன்றைக்கு அதுவே கழுத்தில் கல்லாகக் கட்டியிருந்தது.

பெட்டியைப் பழையபடி மாட்டிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முன்னறையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "என்னம்மா, காலையிலேர்ந்து சுவரோட மல்லுக்கட்டற?"

"நெட் சரியில்ல மாமா. இழுக்குது."

"எனக்கு நல்லாத்தானே ஓடுது."

இதைத்தான் அவர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அவருக்குப் பொழுதுபோக்கு, எங்கேயோ ஒரு துறைமுகத்தில் இருபத்துநாலு மணி நேரமும் நேரலையில் காட்டுகிற கேமராதான். எவனோ ஒருவன் கன்டெய்னரைச் சாய்வாக இறக்குவதைப் பார்த்து இங்கே உட்கார்ந்து திட்டுவார். கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கிற பெயரைப் படிக்க வேண்டும் என்று படத்தை உச்சத் தெளிவில் வைத்திருப்பார். திட்டிக் களைத்துத் தூங்கிப்போனாலும் துறைமுகம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் எதற்கும் குறை சொல்லாத மனுஷர் என்பதால், "நல்லாத்தானே ஓடுது" என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

மருமகள் மெல்ல எழுந்து முன்னறைக்குப் போனாள். மாமனார் மடியில் அவளுடைய பழைய லேப்டாப் இருந்தது. ஏஜென்சி அவளுக்குப் புதிது கொடுத்தபோது, மூடி விரிசல் விட்டிருந்த இதை அவருக்குக் கொடுத்திருந்தாள். திரையில் ஒரு பெரிய கப்பல் கண்ணாடி மாதிரித் துல்லியமாக நின்றது. கப்பல் மேல் நடக்கிற ஆளின் தொப்பி நிறம்கூடத் தெரிந்தது.

"மாமா, ஒரு நிமிஷம் குடுங்க."

அதே அளவுமானியை அதில் ஓட்டினாள். பழைய லைன் எவ்வளவு கொடுத்துக்கொண்டிருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவும் அந்த விரிசல் விட்ட கிழட்டு லேப்டாப்புக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு பொட்டுக்கூட ஏறவில்லை. அவளுடைய புத்தம்புது லேப்டாப்புக்கு வந்ததெல்லாம் அந்தப் பந்தியில் மிஞ்சிய மிச்சம் மீதிதான்.

இது பூட்டு இல்லை. வீட்டையே பூட்டுகிறவன் அப்பாவின் அறைக்கு மட்டும் எதற்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும்? அவள் போனை எடுத்தாள். சின்னவனிடம் அவளும் பேசி இரண்டு மாதம் ஆகிறது. புருஷனுக்கு மரியாதை என்று சும்மா இருந்துவிட்டாள். அது மரியாதையா கோழைத்தனமா என்று அந்த நேரத்தில் யோசிக்க அவகாசமில்லை.

"தம்பி, நான்தான்."

"தெரியுது, சொல்லுங்க அண்ணி." குரலில் மரியாதை இருந்தது, ஒட்டுதல் இல்லை.

"பெட்டி தகராறு பண்ணுது. பதினொரு மணிக்கு எனக்கு ஒரு வேலை. அது என்னன்னு சொல்லக் கூடாது. ஆனா இன்னிக்குப் படம் நிக்கக் கூடாது, தம்பி. கண்டிப்பா நிக்கக் கூடாது."

"நான் அதைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு அண்ணி."

"நீ தொட வேண்டாம். நான் தொடறேன். நீ சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு தொழில்காரன் குரல் வந்தது. "என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

அவள் வரிசையாகச் சொன்னாள். நேரே செருகினால் பறக்கிறது, பெட்டி வழியாக வந்தால் இழுக்கிறது, மாமாவின் லேப்டாப்பில் மட்டும் நன்றாக ஓடுகிறது என்றாள்.

"அப்பாவோடதா? அப்பாகிட்ட ஏது லேப்டாப்?"

"என்னோட பழசுதான். எனக்கு ஏஜென்சில புதுசு குடுத்தாங்க. நீ போன அடுத்த வாரம்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. பாதியில் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல அண்ணி. உங்க சாப்பாட்டை அப்பா சாப்பிட்டுட்டு இருக்காரு."

"புரியற மாதிரி சொல்லு."

"ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு அடையாள எண் இருக்கும். நீங்க பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்தப்ப, வீடியோ கிளாஸ் விட்டு விட்டு வருதுன்னு ஒரு நாள் அடுப்படில நின்னு அழுதீங்க. நினைவிருக்கா? அன்னிக்கு உக்காந்து, உங்க மெஷினோட எண்ணைப் பெட்டில எழுதி, யார் என்ன பாத்தாலும் இதுக்குப் போகத்தான் மத்தவங்களுக்குன்னு போட்டேன். இந்த வீட்டுல முதல் பந்தி அண்ணிக்கு."

அந்தப் பரீட்சையில் அவள் தேறியதை வீடே கொண்டாடியது. அவளுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது என்பதால் சைகை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்தது, அதனால்தான் தேறினாள் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். பின்னால் இருந்து ஒருத்தன் வழிவிட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொல்லிக்காட்டற மாதிரி இருக்கும் அண்ணி. அதான்."

"அப்ப லைனைப் பெரிசாக்கியும் ஏன் ஏறல?"

"பழைய லைன் சின்னது. அதுக்குத் தகுந்த மாதிரி பெட்டில ஒரு உச்சவரம்பு வெச்சிருந்தேன். அப்பத்தான் யாருக்கு முதல்லங்கறது பெட்டி கையில இருக்கும். நீங்க தொட்டிக்குப் பெரிய குழாய் போட்டுட்டுப் பழைய வால்வை அப்படியே விட்டுட்டீங்க. அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கத்தத்தான் செஞ்சான்."

அவள் லேப்டாப்பில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது.

"கடவுச்சொல் என்னப்பா?"

சின்னவன் தயங்கினான். "அது வந்து, அண்ணன் என்னைத் திட்டறதுதான்."

"எந்தத் திட்டு? ஒண்ணா ரெண்டா?"

"காலைல எழுந்ததும் திட்டறது. ஆங்கில எழுத்துல, இடைவெளி இல்லாம."

அவள் 'உருப்படமாட்டே' என்று தட்டினாள். முதல் தடவையிலேயே கதவு திறந்தது. சிரிக்கிற நேரமில்லை என்றாலும் சிரித்தாள். அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும், குரல் இளகியது.

அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். பழைய எண்ணை அழித்துப் புது லேப்டாப்பின் எண்ணை எழுதினாள். அடுத்து உச்சவரம்பு. கேட்கவே வேண்டாமே என்று, அவன் சொல்வதற்கு முன்பே லைனின் முழு வேகத்தையும் எழுதிச் சேமித்துவிட்டாள். பெட்டியின் விளக்குகள் கண்ணை மூடித் திறந்தன. பழக்கமான ஒரு பயிற்சி வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். படம் முன்பைவிட மோசமாகத் திக்கித் திக்கி வந்தது.

"தம்பி, இன்னும் கெட்டுப்போச்சு." மணி பதினொன்றை நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன எண் போட்டீங்க?"

சொன்னாள்.

"ஐயோ அண்ணி. அது சுண்டைக்காய்ப் பெட்டி. அதுக்குள்ள இருக்கற மூளையும் சுண்டைக்காய் அளவுதான். வர்றதையெல்லாம் சோதிச்சு, உங்க ஏஜென்சி பாதையைப் பூட்டித் திறந்து, யாருக்கு முதல்லன்னு வரிசையும் கட்டணும். அவ்வளவு வேகத்துக்கு அதால முடியாது. மேல மூலைல ஒரு சதவீதம் தெரியுதா?"

"நூறுன்னு நிக்குது."

"மூச்சு வாங்குது. மூணுல ஒரு பங்கா குறைங்க. அதுவே உங்க பழைய லைனைவிட மூணு மடங்கு. உங்களுக்குத் தாராளம்."

அவள் எண்ணைக் குறைத்துச் சேமித்தாள். நூறு மெல்ல இறங்கி அறுபதுக்கும் கீழே வந்து ஆசுவாசப்பட்டது. பயிற்சி வீடியோவில் இருந்த பெண்ணின் விரல்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நகர்ந்தன. ஓர் இடத்திலும் முறியவில்லை.

"ஓடுது தம்பி."

"வெச்சுடறேன். போய் வேலையைப் பாருங்க."

திரும்பினால் கதவருகில் மாமனார் நின்றிருந்தார். பாதிப் பேச்சு அவர் காதில் விழுந்திருந்தது.

"அப்ப இத்தனை நாளா உன் பங்கைத்தான் நான் தின்னுட்டு இருந்தேனா?"

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது மாமா. இப்ப சரியாயிடுச்சு. நீங்க கப்பலைப் பாருங்க, இனி ஒண்ணும் ஆகாது."

"கப்பல் எங்கயும் ஓடிடாது. நீ முடி," என்றார். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் பின்னறைக் கதவைச் சாத்தி, பேச்சு காதில் விழாத தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் அப்படி உட்கார்ந்த பிறகு அந்த வழியாக ஈ எறும்பு நுழைய முடியாது.

ஏஜென்சியின் கதவு திறந்தது. ஆஸ்பத்திரி அறை தெரிந்தது. டாக்டர் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் கட்டில் ஓரத்தில், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் தலையசைத்தார்.

'போன வாரம் உங்கள் கேள்வியை என்னால் பார்க்க முடியவில்லை. மன்னியுங்கள். மறுபடி கேளுங்கள்,' என்று மருமகள் சைகை செய்தாள்.

அந்த அம்மாள் இடது கையைத் தூக்கினார். அதே இடத்துக்கு வந்தது கை. இந்தத் தடவை நிற்காமல் நகர்ந்தது.

"அறுவை சிகிச்சை பண்றப்ப என்னை முழுசாத் தூங்க வைக்க மாட்டோம், கையை மட்டும் மரத்துப்போக வைப்போம்னு சொன்னீங்க," என்று மருமகள் அந்தக் கைகளைக் குரலாக்கினாள். "வலது கை உங்ககிட்ட இருக்கும். மருந்து ஏத்தற ஊசியை இடது கைல குத்திக் கட்டிலோட கட்டிடுவீங்க. போன தடவை வேற ஒரு ஆஸ்பத்திரில அப்படித்தான் கட்டினாங்க. எனக்கு வலிச்சா, பயமா இருந்தா, நான் எப்படிச் சொல்றது? உங்களுக்கு வாய் இருக்கு. என் ரெண்டு வாயையும் நீங்க கட்டிடுவீங்க."

டாக்டர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார், பிறகு மடியில் இருந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"இதை நான் யோசிக்கவே இல்லை," என்றார் நேரிடையாக. "ஊசியை முழங்கைக்கு மேலயோ கால்லயோ போடலாம். இடது கையைக் கட்ட மாட்டோம். அது உங்களுக்கே இருக்கும். ஆப்பரேஷன் தியேட்டருக்குள்ளயும் இந்தத் திரையை எடுத்துட்டு வரச் சொல்றேன். இவங்க உங்க கண் முன்னாலயே இருப்பாங்க. முடியுமா மேடம்?"

அந்த 'மேடம்' தன்னைத்தான் என்று மருமகளுக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. முடியும் என்றாள். டாக்டரின் வார்த்தைகளைச் சைகையில் சொல்லும்போது அவளுடைய கண் மங்கியது. விரல்கள் மங்கவில்லை, அதுவே போதும்.

அந்த அம்மாள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.

வேலை முடிந்து வெளியே வந்ததும் மருமகள் முதலில் மாமனார் காலைத் தொடப் போனாள். அவர் விடவில்லை. "என்னை எதுக்கும்மா? நான் உன் பங்கைத் தின்னவன்," என்றார். "போனைப் போடு அவனுக்கு."

சின்னவன் முதல் மணியிலேயே எடுத்தான். காத்துக்கொண்டே இருந்திருப்பான்.

"படம் நின்னுச்சா அண்ணி? கை தெரிஞ்சுதா?"

"விரல் நுனி வரைக்கும் தெரிஞ்சுது. தம்பி, இன்னிக்கு நீ யாருக்கு உதவி பண்ணினன்னு என்னால சொல்ல முடியாது. அவங்களுக்கும் தெரியாது. அதனால அவங்களுக்கும் சேர்த்து நானே சொல்லிடறேன். நீ நல்லா இருக்கணும். பரீட்சைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"விடுங்க அண்ணி," என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவன் வாசலில் வந்து நின்றான், கையில் புதுப் பெட்டியோடு. மாமனார் அவனை அப்படியே நிறுத்தி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். கிரேன் ஓட்டியவர் இல்லையா, சரக்கைத் தலைக்கு நேரே இறக்குவதில் கெட்டிக்காரர். "பூட்டுப் போட்டது அவன் இல்லடா. சாவி வேற ஆள் மடில இருந்திருக்கு. என் மடிலதான்," என்று முடித்தார்.

பெரியவன் சுவரில் இருந்த பெட்டியைப் பார்த்தான். காலையில் முறைத்த அதே ஆள்தான். இப்போது அதன் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"குடு," என்று போனுக்குக் கை நீட்டினான்.

மன்னிப்பு என்கிற வார்த்தை இந்த வீட்டு ஆண்கள் வாயில் வருவதற்கு இன்னும் இரண்டு தலைமுறை ஆகும். ஆனால் அவர்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறது.

"டேய்."

"சொல்லு."

"புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிட்டேன்."

"அது தேவையில்ல. திருப்பிக் குடுத்துடு."

"திருப்பிக் குடுக்கறதா இல்ல. பழசுக்கு மூளை பத்தலன்னு நீதானே சொன்னியாம். இதை யார் வந்து மாட்டுவா? எனக்கு லிஃப்டுதான் தெரியும்."

பெரியவன் போனை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். மருமகள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள், எல்லாம் கேட்டது.

"நாளைக்குச் சாயங்காலம் வரேன்," என்றான் சின்னவன். "ஆனா தனியா வரல."

"யார்கூட?"

"வந்ததும் பாரு. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். அண்ணி அந்த நேரம் வீட்டுல இருக்கட்டும். அவ சொல்றதை உனக்கும் அப்பாவுக்கும் அண்ணிதான் எடுத்துச் சொல்லணும்."

போன் வைக்கப்பட்டது. பெரியவன் குழப்பத்தோடு மனைவியைப் பார்த்தான்.

"அவ சொல்றதை நீ எதுக்கு எடுத்துச் சொல்லணும்? நமக்குத் தெரியாத பாஷையா?"

மருமகளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ஆமாங்க. உங்களுக்குத் தெரியாத பாஷை. எனக்குத் தெரிஞ்சது," என்றாள். "மாமா, நீங்களும் இப்படி வாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க ரெண்டு பேரும் கையால 'வாம்மா'ன்னு சொல்லக் கத்துக்கணும்."

மாமனார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பெரியவன் அசையாமல் நின்றான். அவள் சொன்னது உள்ளே போய் இறங்க அவனுக்கு நேரம் பிடித்தது. பிறகு புதுப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"எந்தக் கையால?" என்று கேட்டான்.